பாயில் வைத்த பை

என் அண்ணன் அமெரிக்காவில் வேட்டைக்காரர்களுக்குப் பை தைத்தார். இதைச் சொன்னால் எங்கள் ஊரில் முதலில் சிரிப்பார்கள். மன்னாரிலிருந்து அவ்வளவு தூரம் போனவர் பை தைக்கவா போனார் என்று கேட்பார்கள். பிறகு, வேட்டைக்குப் போகிறவனுக்குப் பை எதற்கு என்பார்கள். முசலிக் காட்டுப் பக்கம் பன்றிக்குப் போகிறவர்கள் ஓர் உரப்பையும் ஒரு துண்டுக் கயிறும்தான் கொண்டு போவார்கள். வனவிலங்கு அதிகாரிகளைக் கண்டால் அதையும் எறிந்துவிட்டு ஓடி வருவார்கள்.

அண்ணன் தொலைபேசியில் பொறுமையாக விளங்கப்படுத்துவார். அங்கே வேட்டைக்குப் போகிறவன் மலைக்குள் ஒரு கிழமை தங்குவானாம். படுக்கை, கூடாரம், அடுப்பு, சாப்பாடு எல்லாம் முதுகில் இருக்கவேண்டும். பெரிய மான் விழுந்தால், இறைச்சியையும் அதே பையில் கட்டிச் சுமந்துகொண்டு இறங்கவேண்டும். பாரம் தோளை அறுக்காமல் இடுப்பில் தங்குவதற்கு அகலமான பட்டி ஒன்று வைப்பார்கள். கொளுக்கி பூட்டும்போது 'டிக்' என்று சத்தம் வந்தால் மான் ஓடிவிடும் என்பதால் அதற்கும் ஏதோ வழி செய்திருந்தார்கள். துணி, நூல், சிப் எல்லாமே அந்த நாட்டிலேயே செய்தவை என்று பையின் உள்ளே ஒரு துண்டு தைத்து விடுவார்களாம். "எல்லாம் அவையின்ர சாமான். தைக்கிற கை மட்டும் ஊர் ஊரா வந்தது" என்று அண்ணன் சிரிப்பார். அவருக்கு இடப்பக்கம் மெக்சிகோக்காரி, வலப்பக்கம் வியட்நாம்காரர்.

இத்தனைக்கும் அண்ணன் கோழி உரிப்பதைக்கூடப் பார்க்கமாட்டார். இங்கே இருந்த காலத்தில் வள்ளங்களை மூடும் படங்கு தைத்தவர். மழையும் உப்பும் புகாத தையல் அவருக்குக் கைவந்த வேலை. அந்தக் கையைப் பார்த்துத்தான் அங்கே வேலை கொடுத்தார்கள். மலையில் ஒருத்தனுடைய பட்டி அறுந்தால் அவன் அங்கேயே கிடக்கவேண்டியதுதான் என்று சொல்லிச் சொல்லியே தைத்தார். நான், "மான் பாவம், அதைச் சுமக்க நீங்கள் பை தைக்கிறியள்" என்று சீண்டுவேன். மானைச் சுடுவது அவன், தான் தைப்பது மட்டும்தான் என்பார்.

பிறகு அண்ணன் வருத்தம் வந்து படுக்கையில் விழுந்தார். கடைசியாகப் பேசியபோது அவருக்கு மூச்சு வாங்கியது. ஒன்றுதான் கேட்டார். "என்னை அம்மாவோட வை." அம்மா எங்கள் ஊர்ச் சேமக்காலையில், கோயிலுக்குப் பின்பக்கம், மணலுக்குள் இருக்கிறா. வைக்கிறேன் என்று சொன்னேன். தங்கச்சி நான் ஒருத்திதான் இருந்தேன், வேறு யாரிடம் கேட்பார்.

உடலை அனுப்ப வழி இருக்கவில்லை. அங்கே எரித்துவிட்டார்கள். இதை நான் ஊரில் சொல்லவில்லை. கத்தோலிக்கரான எங்கள் ஆட்களுக்கு எரிப்பது வழக்கமில்லை. சொன்னால் ஆளுக்கொரு கதை கட்டுவார்கள், எனக்கும் வாய் சும்மா இராது, பிறகு சண்டைதான் வரும். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள் என்று சொல்லி ஒரு பூசை ஒப்புக்கொடுத்தேன். உண்மை தெரிந்தவர்கள் நானும் என் வீட்டுக்காரரும் பாதரும்தான். சாம்பல் வந்து சேர்ந்தால் முறைப்படி அம்மாவின் குழியிலேயே வைக்கலாம் என்று பாதர் சொல்லியிருந்தார்.

சாம்பல் எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு முதல் நாள் காலமை வந்தது. அண்ணன் இருந்த நகரத்திலேயே இருந்த ஒரு பெண், பக்கத்து ஊர்க்காரி, திருவிழாவுக்கு வந்தபோது கொண்டு வந்தாள். வாகனக் கதவைத் திறந்து அவள் ஒரு பையை இறக்கியபோது நான் கொஞ்சம் பின்வாங்கினேன். நீளமான, கொழுத்த பை. இரண்டு கைபிடிகள், முதுகில் போடவும் இடுப்பில் கட்டவும் பட்டிகள், எல்லாம் கறுப்பு. பை முழுக்கப் பச்சையும் மண்ணிறமுமாக இலையும் மரப்பட்டையும் அச்சடித்திருந்தது. அந்த இலை என்ன மரத்து இலை என்று எனக்குத் தெரியவில்லை. பனை இல்லை, வேம்பு இல்லை, பெருக்கமரமும் இல்லை. இது அண்ணன் கடைசியாகத் தைத்த பை என்றும், சாம்பல் பெட்டியும் அவருடைய உடுப்புகள் கொஞ்சமும் உள்ளே இருக்கின்றன என்றும் அவள் சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள். நான் அழவில்லை. பையைத் திறக்கவும் இல்லை. திறந்தால் அண்ணன் செத்தது உண்மையாகிவிடும் என்று எனக்குப் பட்டது.

என் வீட்டுக்காரர் கடலால் வந்து அதைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். அவரைச் சண்டைக் காலத்தில் பிடித்துக்கொண்டு போய் இராணுவ முகாமில் வைத்திருந்தார்கள். அங்கே என்ன நடந்தது என்று இன்றுவரை சொன்னதில்லை. ஆனால் அந்த நிறத்தைக் கண்டால் சட்டைப் பொத்தானை மேலே கழுத்துவரை பூட்டுவார். அவருக்கே தெரியாமல் கை போகும். அன்றைக்கு அவர் சட்டையே போட்டிருக்கவில்லை. கை வெறும் நெஞ்சில் தடவியது.

"இது ஆமிக் கலர். இதை இஞ்ச வைச்சிருக்கக் கூடாது" என்றார்.

அது ஆமிப் பை இல்லை, மான் வேட்டைப் பை, மானுக்கு ஆள் தெரியாமல் இருக்கப் போட்ட நிறம் என்று நான் அண்ணன் சொன்னதையெல்லாம் ஒப்புவித்தேன்.

"பிடிச்சா மான் வந்து சாட்சி சொல்லுமே?"

பெட்டியை எடுத்துச் சாதாரணப் பை ஒன்றில் வைத்துவிட்டு இதைக் கிணற்றடியில் போட்டு எரிப்போம் என்றார். ஒருமுறை எரித்தது போதாதா என்று கேட்டுவிட்டேன்.  அவர் கட்டில் விரிப்பை எடுத்துப் பையை மூடி, அலுமாரிக்குப் பின்னால் தள்ளி வைத்தார். மறுநாள் திருவிழாப் பூசை முடிந்ததும் பாதர் சேமக்காலைக்கு வரச் சொல்லியிருந்தார். அதுவரைக்கும்தானே என்று இருந்தோம்.

எங்கள் ஊரில் திருவிழாவுக்கு முதல் நாள் பின்னேரச் செபமான வெஸ்பருக்கு இடம் பிடிப்பது ஒரு வழக்கம். பின்னேரம் சனம் நெரிக்கும் என்பதால் மத்தியானமே போய்க் கோயில் முற்றத்து மணலில் பாயை விரித்துவிட்டு வந்துவிடுவோம். பாய் சோளகக் காற்றில் பறக்காமல் இருக்க மேலே எதையாவது வைப்போம். தண்ணீர்ப் போத்தல், பிள்ளையின் செருப்பு, சாப்பாட்டுப் பெட்டி, பை, கையில் கிடைத்தது எதுவும். ஒருவர் பாயை மற்றவர் தொடமாட்டார். ஒரு பாயைப் பார்த்தால் அது எந்த வீட்டுப் பாய் என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். உயிர்த்த ஞாயிறன்று கோயில்களில் குண்டு வெடித்த பிறகு வாசலில் பொலிஸ் நின்று பை சோதிக்கத் தொடங்கியது. அது பின்னேரத்தில்தான். மத்தியானத்து வழக்கத்தை யாரும் மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவும் இல்லை.

அன்று மத்தியானம் பாயைச் சுருட்டிக்கொண்டு புறப்பட்ட எனக்கு அண்ணன் ஞாபகம் வந்தது. கொடிமரத்துக்கு இடப்பக்கம்தான் எங்கள் வீட்டு இடம். அண்ணன் ஊரை விட்டுப் போன பிறகு ஒரு வெஸ்பருக்கும் வரவில்லை. இப்போது அலுமாரிக்குப் பின்னால் கிடக்கிறார். மறுநாள் மண்ணுக்குள் போய்விடுவார். இன்றைக்கு ஒரு நாள் அவரும் தன் இடத்தில் இருக்கட்டும் என்று நினைத்தேன். வீட்டுக்காரர் துறையில் வள்ளம் இழுக்கப் போயிருந்தார், கேட்க ஆள் இல்லை. பையை விரிப்போடு முதுகில் போட்டேன். அண்ணன் சொன்னது சரிதான், பாரம் இடுப்பில் தங்கியது.

வழியில் கடைகள் போட்டிருந்தார்கள். முசலிப் பக்கத்திலிருந்து ஒவ்வொரு திருவிழாவுக்கும் வரும் ஒரு முஸ்லிம் வியாபாரி, ஊருக்கு அவர் நானா, பிளாஸ்ரிக் பாயும் விளையாட்டுச் சாமானும் விற்பார். அவரிடம் அண்ணனுக்கென்று புதுப் பாய் ஒன்று வாங்கினேன். எங்கள் பழைய பாயை விரித்து, பக்கத்தில் புதுப் பாயை விரித்து, நடுவில் பையை வைத்தேன். விரிப்பால் மூடிய பையைப் பார்க்கப் பிணம் கிடத்தியதுபோல் இருந்தது. மனது கேட்கவில்லை. விரிப்பை எடுத்து மடித்துக்கொண்டு, குளித்து உடுத்து வர வீட்டுக்குப் போனேன்.

திரும்பி வரும்போது வீட்டுக்காரரும் கூட வந்தார். திருவிழாவுக்கென்று தைத்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மணி அடிக்கவேண்டிய நேரம், அடிக்கவில்லை. சனமெல்லாம் தெருவில் நின்றது. கோயில் மதிலுக்கு வெளியே பொலிஸ் கயிறு கட்டியிருந்தது. முற்றத்தில் பாய்கள் மட்டும் கிடந்தன. காற்றில் எங்கள் பழைய பாய் சுருண்டு வேறு பாய்களோடு போய்ச் சேர்ந்திருந்தது. புதுப் பாய் ஒன்று, அதன் மேல் அந்தப் பை, சுற்றிலும் வெறும் மணல்.

யாரோ குண்டு வைத்துவிட்டார்கள் என்று ஒரு பெண் என்னிடம் சொன்னாள். ஊரில் யாருடைய பாயும் இல்லையாம். ஆமிக் கலர்ப் பையாம். குண்டு பார்க்கிற ஆட்கள் தாம்போதிப் பாதையால் கடலைக் கடந்து வருகிறார்களாம்.

 வீட்டுக்காரர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விளங்கிக்கொண்டார். என் மணிக்கட்டைப் பிடித்தார். 

"எங்கட எண்டு சொல்லாதை" என்றார், உதடு அசையாமல். "சொன்னா உன்னைக் கொண்டு போயிருவாங்கள். திரும்பி வாறவை எல்லாரும் திரும்பி வாறதில்லை."

நான் சொல்லத்தான் நினைத்தேன். அவருடைய பயம் என்னையும் பிடித்தது. அதோடு வெட்கமும் வந்தது. சொன்னால் பையைத் திறப்பார்கள். அண்ணனை எரித்த கதை ஊர் முழுக்கத் தெரியும். வருகிறவர்கள் பையைத் தடவிப் பார்ப்பார்கள், உடுப்பைக் கண்டதும் விளங்கிவிடும், ஆள் தெரியாத பை என்று பாதரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள் என்று மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். பயந்தவளுக்கு எந்தக் கணக்கும் சரியாகத்தான் வரும்.

அப்போது கழுதை ஒன்று வந்தது. எங்கள் தீவில் கழுதைகளுக்குக் கயிறும் தெரியாது பொலிசும் தெரியாது. சேமக்காலைப் பக்கத்து வேலியால் நுழைந்து, பாய்களை ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டு நேரே பையிடம் போனது. தெருவில் நின்ற சனம் அப்படியே குனிந்தது. பிள்ளைகளைத் தாய்மார் நெஞ்சோடு அமத்தினார்கள். ஒரு பொலிஸ்காரர் கல்லெறிய ஓங்கினார், மற்றவர் அவர் கையைப் பிடித்தார், கல் பையில் பட்டால் என்ன ஆவது. கழுதை பட்டியைக் கவ்வி இழுத்தது. பை உருண்டது. எல்லாரும் கண்ணை மூடினார்கள். நான் மட்டும் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றேன். "சனியனே, விடு அவரை" என்று வாய்க்குள் சொன்னேன். அண்ணனின் தையல் அறவில்லை. கழுதை அலுத்துப்போய் வாழைக்குலை கட்டிய பந்தல்காலுக்குப் போனது.

சனம் நிமிர்ந்ததும் பேச்சுத் திரும்பியது. அந்தப் பாய் புதுசு, இன்றைக்கு நானாவின் கடையில் வாங்கிய பாய் என்று ஒருவர் சொன்னார். அடுத்த நிமிடம் அந்த வியாபாரியைக் கூட்டிக்கொண்டு வந்து பொலிஸ் ஜீப்புக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். அவரைப் பல காலமாகத் தெரியும் என்று அதுவரை சொன்ன வாய்கள் மூடிக்கொண்டன. ஒருவன், இவங்களை உள்ளே விட்டதே பிழை என்றான். பொலிஸ்காரர் அவரிடம், இந்தப் பாயை யாருக்கு விற்றாய் என்று கேட்டார்.

அவர் சனத்தைப் பார்த்தார். என்னைக் கண்டுகொண்டார். மத்தியானம் அந்தப் பையை முதுகில் போட்டுக்கொண்டு வந்து பாய்க்குப் பேரம் பேசியவள் நான்தான் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். என் முகத்தில் ஒரு கணம் அவர் கண் நின்றது. பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு தலையைக் குனிந்தார்.

"கன பேர் வாங்கினவை, ஐயா. ஆள் ஞாபகமில்லை."

பொலிஸ்காரர் அவர் சட்டைக் கழுத்தில் கை வைத்தார். அதே நேரம் குண்டு பார்க்கிறவர்களின் வாகனம் வந்து நின்றது. இறங்கிய அதிகாரி பையைத் தூரக்கண்ணாடியால் பார்த்தார். திறந்து பார்க்கத் தேவையில்லை, கிடக்கிற இடத்திலேயே சின்ன வெடி ஒன்று வைத்து உடைத்துவிடலாம் என்று சிங்களத்தில் சொன்னார். கயிற்றடியில் நின்ற தமிழ்ப் பொலிஸ்காரர் அதைச் சனத்துக்குச் சொல்லி, எல்லாரையும் கடற்கரைப் பக்கம் போகச் சொன்னார்.

நான் வீட்டுக்காரரின் கையை உதறினேன். கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

"அது என்ர பை. அந்த மனுசனை விடுங்கோ."

எல்லாம் ஒரேயடியாக நடந்தது. இரண்டு பேர் என்னை மறித்தார்கள். பெண் பொலிஸ் ஒருத்தி என் சேலையைத் தடவிப் பார்த்தாள். உள்ளே என்ன என்று அதிகாரி கேட்க, தமிழ்ப் பொலிஸ்காரர் மொழிபெயர்த்தார். என் அண்ணன் என்றேன். அவர் அதை மொழிபெயர்க்காமல் என்னைப் பார்த்தார். அண்ணனை எரித்த சாம்பல் என்று விளங்கப்படுத்தினேன். கயிற்றுக்கு அப்பால் ஒரு முணுமுணுப்பு எழுந்து தெருக்கோடி வரை போனது. பாதர் பங்கு வீட்டிலிருந்து ஓடி வந்து, ஓம், சாம்பல் வரும் என்று தனக்குத் தெரியும் என்றார். இந்தப் பையில்தான் வந்ததா என்று கேட்டபோது, பையைத் தான் பார்க்கவில்லை என்று உள்ளதைச் சொன்னார். உள்ளே வேறு என்னென்ன என்று என்னிடம் கேட்டார்கள். உடுப்பாம், நான் திறந்து பார்க்கவில்லை என்றேன். என் காதுக்கே அது பொய்போல் இருந்தது.

அதிகாரி யோசித்தார். உன் பை என்றால் நீயே போய்த் திற என்றார். பெட்டியையும் திறந்து காட்டவேண்டும்.

கொடிமரம்வரை தனியாக நடந்தேன். பிறந்ததிலிருந்து நடந்த முற்றம்தான். பையைக் கொண்டு வந்த பெண் சொன்னது பொய்யாக இருந்தால், வழியில் யாராவது எதையாவது வைத்திருந்தால் என்றெல்லாம் அப்போது வந்தது. முழங்காலில் நின்று சிப்பைப் பிடித்தேன். சத்தமே இல்லாமல் திறந்தது. மேலே அண்ணனின் சட்டை இரண்டு. அண்ணன் மணம் வந்தது, எண்ணெயும் நூலும் சேர்ந்த மணம். சட்டைகளை எடுத்து அவர்கள் பார்க்க உயர்த்திக் காட்டிப் பாயில் வைத்தேன். அடியில் ஒரு கறுப்புப் பெட்டி. எங்கள் வீட்டுச் சீனி டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிது. அந்த உயரமான மனிதர் அதற்குள் எப்படி அடங்கினார் என்று ஆத்திரம் வந்தது.

மூடியைத் திறந்தேன். உள்ளே தடித்த பொலித்தீன் பை, வாய் கட்டியிருந்தது. அதையும் அவிழ்க்கச் சொல்லிக் கையால் காட்டினார்கள். சோளகம் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. கடலிலிருந்து வந்து, மதிலில் மோதி, முற்றத்தில் சுழலும் காற்று. முந்தானையை இழுத்துப் பெட்டியைச் சுற்றி மறைத்துக்கொண்டு, காற்று ஓயும்வரை பொறுங்கோ என்று கத்தினேன். அவர்கள் என்னை நோக்கிப் பிடித்த துவக்கை இறக்காமல் மறுபடியும் கையைக் காட்டினார்கள். கட்டை அவிழ்த்தேன். காற்று முந்தானையைப் பறித்தது.

பின்னால் நில்லு நில்லு என்று சிங்களத்தில் கூச்சல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் கயிற்றைக் கடந்து வந்துகொண்டிருந்தார். ஆமிக்காரரைக் கண்டால் தெரு மாறிப் போகிறவர், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, நடுங்கிக்கொண்டு, ஒரு துவக்குக்கு முன்னால் நடந்து வந்தார். அவர்கள் கத்தக் கத்த வந்தார். எனக்கு எதிரே முழங்காலில் விழுந்து, பெட்டி வாய்க்கு நேரே தன் நெஞ்சைக் கொடுத்தார். அந்த நேரம் பார்த்து ஒரு சுழல் அடித்தது. சாம்பல் எழும்பியது. ஒரு கை அளவு இருக்கும். அவருடைய வெள்ளைச் சட்டையில், கழுத்தில், கண்ணில் எல்லாம் அடித்தது. நான் பொலித்தீன் வாயைப் பொத்திப் பிடித்தேன்.

அதிகாரி கிட்ட வந்து குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டுத் தெரிந்த தமிழில் கேட்டார்.

"மனிசனா?"

"ஓம். மனிசன்தான்."

அவர் கையைக் காட்ட, துவக்குகள் இறங்கின. மூடச் சொன்னார். நான் கட்டிமுடித்து மூடியை அமத்தினேன். விழுந்த சாம்பலை மணலில் தேடத் தொடங்கினேன். எங்கள் முற்றத்து மணலும் அதே நிறம். எதை அள்ளினாலும் மணல்தான் வந்தது. முழுதாகக் கொண்டு போய் அம்மாவிடம் கொடுக்கவேண்டிய ஆளைக் காற்றில் விட்டுவிட்டேன் என்று அப்போதுதான் அழுதேன். அண்ணன் செத்ததிலிருந்து அழாததெல்லாம் அந்த மணலில் வந்தது. வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். தன் சட்டையை அவர் தட்டவில்லை.

பெட்டியைக் கொண்டு போகலாம், பை தங்களோடு வரவேண்டும் என்று அதிகாரி சொன்னார். இந்த நிறத்தில் சாமான் வைத்திருப்பது குற்றமாம். நான் விடவில்லை. இது மான் வேட்டைப் பை, அண்ணன் தன் கையால் கடைசியாகத் தைத்தது, உள்ளே இருக்கிற துண்டைப் பாருங்கள் என்று வாய்க்கு வந்த தமிழிலும் வராத சிங்களத்திலும் சண்டை பிடித்தேன். அவர் கோபப்படவில்லை. தன் சட்டைக் கையைப் பிடித்துப் பைக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். எனக்கு அவை ஒன்றுபோல் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது. உங்களைக் கொண்டு போகாமல் பையை மட்டும் கொண்டு போகிறோம் என்று தமிழ்ப் பொலிஸ்காரர் மெல்லச் சொன்னார்.

"விடு" என்றார் வீட்டுக்காரர். "ஆள் இருக்கிறார். பை போகட்டும்."

அந்தப் பை ஜீப்பில் ஏறியதைப் பார்த்தேன். ஒருவன் தூக்கி எறிந்தான். கொளுக்கியிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. பிறகு இரண்டுமுறை போய்க் கேட்டும் கிடைக்கவில்லை. இன்றைக்கும் எனக்கு அதில் ஆத்திரம்தான்.

கறுப்புப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நான் நிற்க, வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றினார். கழற்றும்போது உதறிவிடாமல், சாம்பல் பட்ட பக்கம் உள்ளே இருக்க மெதுவாக மடித்தார். பெட்டியைச் சுற்றி அதைப் போர்த்தி, சட்டைக் கைகளைச் சேர்த்து முடிச்சுப் போட்டார். சனம் உள்ளே வரத் தொடங்கியது. ஒருவரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அண்ணனைப் பற்றி ஆளுக்கொரு கதை கட்டுவார்கள் என்று நினைத்தேன், அவரவர் பாயைத் தேடிப் போய் இருந்தார்கள். அந்த வியாபாரியிடம் மன்னிப்புக் கேட்கப் போனபோது, அவர் கடையைக் கட்டிக்கொண்டிருந்தார். அடுத்த திருவிழாவுக்கு வருவீங்களா என்று கேட்டேன். அவர் பாய்களை வாகனத்தில் ஏற்றினார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

வெஸ்பர் பிந்தித் தொடங்கியது. புதுப் பாயில் நாங்கள் இரண்டு பேரும் நடுவில் பெட்டியும். திருவிழா உடுப்பில் ஊரே பளபளக்க, என் வீட்டுக்காரர் பெனியனோடு இருந்து செபம் சொன்னார்.  பொத்தான் பூட்டச் சட்டை இல்லாததால் கையைப் பெட்டியின் மேல் வைத்திருந்தார்.

மறுநாள் திருவிழாப் பூசை முடிந்து சனம் கலைந்த பிறகு பாதரோடு சேமக்காலைக்குப் போனோம். அம்மாவின் குழியில் தலைமாட்டுப் பக்கம் ஒரு சின்னக் கிடங்கு வெட்டியிருந்தது. பாதர் செபித்துத் தண்ணீர் தெளித்தார். கிடங்கு வெட்டியவர் பெட்டியை வாங்கக் கையை நீட்டினார். சட்டையைக் கண்டதும், புதுச் சட்டை வீணாய் மண்ணுக்குள்ள போகப்போகுது, அவிழ்த்துத் தாங்கோ என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது, அவிழ்க்கப் போனேன். வீட்டுக்காரர் முடிச்சின் மேல் கையை வைத்தார்.

"வேண்டாம். மச்சான் சட்டையிலையும் இருக்கிறார்."

கிடங்கு வெட்டியவர் கையிலிருந்த மண்ணை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துவிட்டு, இரண்டு கையாலும் வாங்கினார்.